மரினால்வா எழுந்திருக்கவில்லை

கல்தெய்ராவில் விடிவதற்கு முன் இரண்டு சத்தங்கள் கேட்கும். முதலாவது அராரா என்ற பெரிய நீலக் கிளிகளுடையது. சிவப்புப் பாறைச் சுவரின் பொந்துகளிலிருந்து அவை ஜோடி ஜோடியாகக் கிளம்பி, எண்ணெய் காணாத கீல்களை யாரோ வரிசையாகத் திருகுவதுபோலக் கத்திக்கொண்டு ஊருக்கு மேலாகப் போகும். இரண்டாவது மரினால்வாவுடையது.

"வந்துட்டீங்களா, திருட்டுப் பயலுகளா! உங்கப்பன் உழுத கொல்லையா இது? கண்ணைச் சுத்தி மஞ்சள் பூசிக்கிட்டு வந்துட்டானுங்க, கல்யாணத்துக்கு வர்ற மாதிரி!"

கையில் ஒரு தகர டப்பாவும் ஒரு பழைய இரும்புக் கரண்டியும் இருக்கும். சோளம் பால் பிடிக்கும் காலத்தில் அந்தத் தகரம் ஓயாது. "மிளகாய் இன்னும் கத்தலையே, அப்ப இன்னும் விடியல" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் புரண்டு படுப்பார்கள். மிளகாய் என்பது ஊர் அவளுக்கு வைத்த பெயர். அவள் முகத்துக்கு நேராக அதைச் சொன்னவர்கள் குறைவு.

மஞ்சள் என்று அவள் திட்டியது பொய்யல்ல. அந்தக் கிளி அலகு முதல் வால் நுனி வரை ஒரு ஆளின் கை நீளம் இருக்கும். அதில் பாதி வால். முதுகும் இறக்கையும் சாயத் தொட்டியில் முக்கியெடுத்த நீலம். தலையும் கழுத்தும் கொஞ்சம் மங்கி, பாசி படிந்தாற்போல் பச்சை கலந்திருக்கும். அலகு கறுப்பு. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், அலகு தொடங்கும் இடத்தில் கண்ணீர்த் துளி வடிவில் இன்னொரு மஞ்சள் திட்டு. உலகத்தில் வேறெங்கும் இல்லாமல், பாயியா மாநிலத்தின் இந்த முள்காட்டிலும் இந்த மணற்பாறைகளிலும் மட்டும் அது பிழைத்துக் கிடக்கிறது. கிளிகளைப் படம் பிடிக்க வந்தவர்கள் இந்தச் செய்தியை மரினால்வாவிடம் சொன்னபோது அவள், "நானும் இங்க மட்டும்தான் பிழைச்சுக் கிடக்கேன், என்னை ஒருத்தனும் படம் பிடிக்கல" என்றாள்.

அவள் பிறந்தது 1963இல், அதே ஊரில். ஆறாவது பெண். ஏழு வயதில் லிக்குரிக் கொட்டை உடைக்க உட்கார்ந்தாள். லிக்குரி என்பது அந்தக் காட்டின் பனை. நம் பனையைவிடக் குட்டை. குலை குலையாகச் சிறு காய் காய்க்கும். சதையை மாடு தின்னும், பருப்பை மனிதர்கள் தின்பார்கள், எண்ணெய் எடுப்பார்கள், பால் பிழிந்து பெரிய வெள்ளிக்கிழமை மீன் குழம்பில் ஊற்றுவார்கள். மாடு காயை முழுதாக விழுங்கி, ராத்திரி பட்டியில் அசைபோட்டுக் கொட்டையை மட்டும் துப்பிவிடும். காலையில் போய் அள்ள வேண்டியதுதான். கால்களுக்கு நடுவே ஒரு கல், கையில் ஒரு கல். இடது கைப் பெருவிரல் நகம் எட்டு வயதில் போனது, திரும்ப ஒழுங்காக முளைக்கவில்லை.

கோபமும் அந்த வயதிலேயே முளைத்துவிட்டது என்பார்கள். கோபத்துக்குக் காரணங்கள் இருந்தன. தேர்தல் வருடத்தில் தண்ணீர் லாரி வந்து வேட்பாளரின் மச்சினன் வீட்டுத் தொட்டியை முதலில் நிரப்பியது. அவள் ஓட்டுநர் இருக்கையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்து, "பாவம், நீயும் தாகமா இருப்பே" என்றாள். அந்த ஓட்டுநர் ஆறு கிலோமீட்டர் ஈர இருக்கையில் உட்கார்ந்து போனார். அடுத்த முறை லாரி அவள் வீட்டுப் பக்கமிருந்து தொடங்கியது. ஊரில் சிலர் அவள் ஓட்டுநரின் தலையிலேயே ஊற்றினாள் என்று சொல்வதுண்டு. அது சரியல்ல. இருக்கையில்தான் ஊற்றினாள்.

ஒசோரியோவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பக்கத்து நிலத்துக்காரன், அவளைவிட இரண்டு வயது மூத்தவன், மாடுதான் அவனுக்கு உலகம். 1979ஆம் வருடம் ஜூன் மாதம், யோவான் திருநாள். வீட்டுக்கு வீடு நெருப்பு மூட்டியிருந்தார்கள். ஒசோரியோ புதுத் தோல் தொப்பி போட்டுக்கொண்டு, மரினால்வாவின் தகப்பனிடம் பேசுவதற்கு வார்த்தை தேடியபடி நின்றான். பதினாறு வயதுப் பெண் அவன் கண்ணைப் பார்த்தே விஷயத்தைப் படித்துவிட்டாள். அவளுக்கு அவன்மேல் அந்த எண்ணம் இல்லை. ஆளை அவமானப்படுத்தவும் மனமில்லை. விறுவிறுவென்று போய் எல்லோர் முன்னிலையிலும் அவன் கையைப் பிடித்து, நெருப்பை மூன்று சுற்றுச் சுற்றி, யோவான் பெயராலும் பேதுரு பெயராலும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். அவன் மூன்றாம் சுற்றில்தான் நடப்பது என்னவென்று புரிந்துகொண்டான். ஊர் சிரித்தது.

அப்படி நெருப்பைச் சுற்றியவர்கள் அன்று முதல் கொம்பாத்ரே, கொமாத்ரே. ஆண் கொம்பாத்ரே, பெண் கொமாத்ரே. கூடப் பிறந்தவர்களைவிட ஒரு படி மேல். கல்யாணம் நினைத்துப் பார்க்கக்கூடாது. ஒருவரிடம் ஒருவர் பொய் பேசக்கூடாது. போலீசிடம் காட்டிக்கொடுக்கக்கூடாது. கை ஓங்கக்கூடாது, அடுத்தவன் ஓங்கினால் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது. சண்டை என்றாலும் "நீங்க" என்றுதான் சண்டை. இதை மீறியவனை அந்த ஊர் திட்டாது. அவன் வீட்டு நெருப்புக்கு யாரும் போகமாட்டார்கள், அவ்வளவுதான். அதைவிடத் திட்டு மேல்.

மரினால்வா பிறகு ஜெசுவினோ என்ற ஆட்டுக்காரனைக் கட்டிக்கொண்டாள். அவள் பேசும் வார்த்தைகளில் நூற்றில் ஒன்றைக்கூடப் பேசாத மனிதன். ஒசோரியோவும் வேறு ஊரில் பெண் எடுத்தான், அவள் முப்பத்தெட்டு வயதில் இறந்துபோனாள். முப்பத்தைந்து வருடம் உறவு கெடவில்லை. லிக்குரித் தோப்பு அவன் நிலத்தில் இருந்தது, கொட்டை அவளுடையதாக இருந்தது. பத்திரம் அவன் பெயரில், பாத்தியதை அவள் பெயரில் என்று இருவருமே சொல்வார்கள்.

அந்தத் தோப்பில் அவளுக்குக் கூட்டாளிகள் அராராக்கள். அவள் கீழே, அவை மேலே. கூட்டம் இறங்கித் தின்னும்போது ஒன்று மட்டும் உயரமான மொட்டை மரத்தின் உச்சியில் காவல் உட்காரும். தின்னாது. ஆள் அரவம் கேட்டால் ஒரு கத்தல், மற்றவை ஒரே வீச்சில் எழும்பிவிடும். மரினால்வாவுக்கு அது கத்துவதில்லை. இது அன்பு என்று படம் பிடிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவள், "நான் கத்துற கத்துல அதுக்குக் காது செத்துப்போச்சு" என்றாள். அவள் கல்லால் உடைத்தால் ஓடு நொறுங்கி, பருப்பும் சில சமயம் நசுங்கும். அவை கொட்டையை நாக்கால் உருட்டி, அலகின் ஓரத்தில் பொருத்தி, குறுக்கே ஒரு வெட்டு. ஓடு இரண்டு கிண்ணமாக விழும், ரம்பம் போட்டதுபோல. அவள் பொறாமையோடு பார்ப்பாள். "எனக்கும் அந்த மாதிரி ஒரு வாய் இருந்தா" என்பாள். "இருக்கறதே போதும்" என்று ஜெசுவினோ சொன்னதாகக் கேள்வி. உறுதி செய்ய முடியவில்லை.

பிறகு பெரிய வறட்சி வந்தது. இரண்டாம் வருடம் மாடுகள் எழுந்திருக்க முடியாமல் படுத்தன. வறட்சியில் லிக்குரி ஓலை வெட்டி மாட்டுக்குப் போடுவது எல்லோரும் செய்வது, மரினால்வாவும் தன் ஆடுகளுக்கு வெட்டினாள். ஆனால் குருத்தையும் அதைச் சுற்றிய மூன்று ஓலையையும் தொடக்கூடாது. தொட்டால் பனை செத்துவிடும். இது யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். ஒசோரியோ பனைகளை அடியோடு சாய்த்தான். தண்டைப் பிளந்து சோற்றை மாட்டுக்குக் கொத்திப் போட்டான்.

அவள் ஓடிப்போய் நின்றாள். "கொம்பாத்ரே! என்ன செய்யறீங்க?"

"மாடு சாகுது, கொமாத்ரே."

அவனுக்குப் பின்னால் ஒரு பசு படுத்தபடி முனகியது. மரினால்வா வாயைத் திறந்தாள், மூடினாள், திரும்பிப் போனாள். வாயில் வந்ததை அவள் விழுங்கியது அதுவே முதல் தடவை.

விழுங்கியது உள்ளே கிடந்திருக்கும். ஆனால் மழை வந்து, புல் வந்து, மாடு கொழுத்த பிறகும் ஒசோரியோ நிறுத்தவில்லை. மிச்சமிருந்த தோப்பில் மேய்ச்சலுக்கென்று தீ வைத்தான். சாம்பலில் முளைத்த லிக்குரிக் கன்றுகளை மாடுகள் நுனி நுனியாகக் கடித்தன. கேட்டதற்கு, "பனைதானே கொமாத்ரே, தானா முளைக்கும்" என்று சிரித்தான்.

2014 மார்ச்சில் சூசையப்பர் திருநாளுக்கு மழை விழுந்தது. அந்த நாளில் மழை என்றால் அன்றே சோளம் ஊன்ற வேண்டும், யோவான் திருநாளுக்குக் கதிர் கைக்கு வரும். மரினால்வா ஊன்றினாள். கதிர் பால் பிடித்த வாரம் அராராக்கள் லிக்குரி தேடித் தோப்புக்குப் போய், சாம்பலைப் பார்த்துவிட்டு, அவள் கொல்லையில் இறங்கின. தகர டப்பா அடித்துப் பார்த்தாள். பழைய சட்டையைக் கம்பில் மாட்டி நிறுத்திப் பார்த்தாள். அவை சட்டையின் தோளில் உட்கார்ந்து தின்றன. ஒன்பது நாளில் கொல்லை முடிந்தது. நட்டஈடு தருவதாக ஒரு ஜீப் வந்தது. இறங்கியவர்கள் கொல்லையை அளந்தார்கள், அவள் கொடுத்த காபியைக் குடித்தார்கள், போனார்கள்.

அந்த ஆத்திரத்தில்தான் அவள் வாயைவிட்டாள். மாவு அரைக்கிற கொட்டகையில், ஒசோரியோ அருகில் நிற்கும்போது, கொட்டித் தீர்த்தாள்.

"எல்லாத்துக்கும் தலைவன் அந்தக் கறைப் பொந்து ஜோடிதான், கொம்பாத்ரே. பாறையில இரும்புக் கறை வழியுது பாருங்க, அதுக்குக் கீழ. அதுங்கதான் முதல்ல வந்து, மத்ததைக் கூப்பிடறது. மத்த குஞ்செல்லாம் பறந்தாச்சு. அதுங்களுக்கு மட்டும் இன்னும் ஒண்ணு உள்ள கத்திக்கிட்டிருக்கு. என் சோளத்தைத் தின்னு தின்னு கொழுத்த குஞ்சு!"

ஒசோரியோ தலையாட்டிக் கேட்டான். அவளுக்கு அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை. கொம்பாத்ரேயிடம் மறைத்துப் பேசும் வழக்கம் கிடையாது.

யோவான் திருநாளன்று மாலை மரினால்வா வீட்டு முன்னும் நெருப்பு எரிந்தது, வாட்டச் சோளம்தான் இல்லை. கல்தெய்ராவில் சோளம் இல்லாத யோவான் நெருப்பு என்பது பிணம் இல்லாத சவ ஊர்வலம் மாதிரி. அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒசோரியோ தோளில் ஒரு சாக்குடன் வந்தான். கொட்டினான். பச்சைத் தோல் உரியாத, முற்றிய கதிர்கள்.

"சந்தையில வாங்கினேன். கொமாத்ரே வீட்டு நெருப்பு பட்டினி கிடக்கக் கூடாதில்ல?"

அவள் முகம் இளகியது. நான்கு கதிரை வாட்டினாள், அவனுக்கொன்று, ஜெசுவினோவுக்கொன்று கொடுத்து, தானும் ஒன்றைக் கடித்தாள். ஒசோரியோ தன் கதிரைத் தின்னாமல் உருட்டிக்கொண்டிருந்தான்.

"கொமாத்ரே, உங்ககிட்டப் பொய் சொல்லக்கூடாது. இது என் காசு இல்ல. வால்மிர்னு ஒருத்தன், கடற்கரைப் பட்டணத்து ஆளு, வெள்ளை வண்டி வெச்சிருக்கான். முன்பணம் கொடுத்தான்."

"எதுக்கு?"

"கறைப் பொந்துக் குஞ்சுக்கு. நான் கயித்துல இறங்கி எடுத்துக் கொடுக்கணும். உங்க கொல்லை போனதுக்கு இரண்டு பங்கா உங்களுக்கு வரும். திருடினதுங்ககிட்டயிருந்துதானே எடுக்கறோம்?"

வாயில் இருந்த சோளத்தை அவள் நெருப்பில் துப்பினாள்.

"நீங்க அதுங்க பனையை வெட்டினீங்க. அதுங்க வயித்துக்கில்லாம என் சோளத்தைத் தின்னுச்சு. இப்ப அதுங்க குஞ்சைத் திருடி என் சோளத்தை அடைக்கப் போறீங்களா? எந்த ஊர் நியாயம் கொம்பாத்ரே இது? உங்க மாடு சொல்லிக் கொடுத்ததா?"

"நீங்கதானே தினமும் சபிக்கறீங்க!"

"நான் சபிப்பேன்! எனக்கும் அதுங்களுக்கும் முப்பது வருஷச் சண்டை. நடுவுல பட்டணத்துக்காரனுக்கு என்ன வேலை?"

"பொந்தைக் காட்டினதும் நீங்கதான்" என்றான் ஒசோரியோ, மெதுவாக.

 அவள் கதிர்களை அள்ளிச் சாக்கோடு அவன் காலடியில் எறிந்தாள். அவன் பொறுக்காமலே போனான். அவன் கெட்டவன் அல்ல, வறட்சியில் பாதி மாடு போய்விட்டது, மிச்சத்துக்கு வங்கியில் கடன். அது கோபத்தைக் கூட்டியதே ஒழியக் குறைக்கவில்லை. கெட்டவன் என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம்.

ஜெசுவினோ கம்பால் நெருப்பைக் கிளறினான். "டவுன்ல சார்ஜெண்ட்டுகிட்டச் சொல்லிடலாமே?"

"நெருப்பு சுத்தினவனைக் காட்டிக் கொடுக்கச் சொல்றியா, இந்த நெருப்பு முன்னாடியே?"

"அப்ப என்ன செய்வே?"

"தெரியல! அதான் எரியுது!"

மறுநாள் காலை ஆட்டுப் பாதை வழியாக அவள் பாறைச் சுவரின் மேலே ஏறினாள். கறைப் பொந்துக்கு நேர் மேலே, மணற்பாறை காலால் மிதித்தாலே உதிர்கிற இடத்தில், கயிறு கட்டத் தாங்கும் மரம் ஒன்றே ஒன்றுதான். கல் மாதிரி இறுகிய பழைய முள்மரம். மரினால்வா அதன் அடியில் உட்கார்ந்து, முதுகைத் தண்டோடு ஒட்டி, கால்களைப் பக்கத்துப் பாறைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டாள். கயிற்றைச் சுற்ற வேண்டுமானால் அவளையும் சேர்த்துத்தான் சுற்ற வேண்டும்.

கீழே பொந்திலிருந்து குஞ்சு கத்தியது. கரகரவென்று, பசியோடு, நிறுத்தாமல். "கத்து, கத்து" என்றாள் அவள். "என் கொல்லையைத் தின்னவனே."

முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் தாய் தகப்பன் இரண்டும் இரைக்குப் போன பிறகு, வெயில் ஏறும் நேரத்தில் அவர்கள் வந்தார்கள். முன்னால் ஒசோரியோ, பின்னால் புது நைலான் கயிற்றுச் சுருளோடு வால்மிர். மடிப்புக் கலையாத சட்டை, கறுப்புக் கண்ணாடி, முள் குத்திக் கிழிந்த கால்சட்டை.

ஒசோரியோ அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"எழுந்திருங்க, கொமாத்ரே."

"எழுப்புங்க, கொம்பாத்ரே."

அவன் தொப்பியைக் கழற்றினான், போட்டான். "வெயில் அடிக்குது. வீட்டுக்குப் போங்க."

"என் வெயில். நான் பாத்துக்கறேன்."

வால்மிர் சிரித்தான். "யாரு இது, பெரியவரே? உங்க பொண்டாட்டியா?"

"கொமாத்ரே."

"ஓ, நெருப்புச் சொந்தமா! எங்க பாட்டன் காலத்துல கேட்டது. சரி, கிழவியைத் தூக்கி அந்தப் பக்கம் வையுங்க. குஞ்சு பறந்துடுச்சுன்னா எனக்கு நஷ்டம்."

"நான் தொடக்கூடாது" என்றான் ஒசோரியோ.

"தொடக்கூடாதா?"

"தொடக்கூடாது."

மரினால்வா வால்மிரை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல சட்டை. யார் துவைக்கறா? உங்கம்மாவா? புள்ள கிளிக்குஞ்சு திருடத்தான் போயிருக்கான்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

வால்மிரின் சிரிப்பு நின்றது. கயிற்றைக் கீழே போட்டான். "நீங்க தொட வேண்டாம். எனக்கு எந்த நெருப்பும் கிடையாது" என்று சொல்லி, குனிந்து அவள் மேல்கையைப் பிடித்து இழுத்தான். அவள் எழும்பவில்லை. தோள் மூட்டில் ஏதோ நொடித்தது. அவள் வாயிலிருந்து வந்தது திட்டு அல்ல, வலி.

ஒசோரியோ அதைக் கேட்டான்.

அவன் வால்மிரின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பற்றித் தூக்கினான். ஐம்பத்து மூன்று வயது, ஆனால் கன்றுகளைக் கீழே தள்ளிச் சூடு போட்ட கைகள். அவனை நிமிர்த்தி, பாறை விளிம்புக்கு இரண்டடி தள்ளி நிறுத்தி, முகத்துக்கு அருகே முகம் வைத்துப் பேசினான்.

"அவங்களைத் தொட்டா, நான் உன்னை விட்டுட்டு வீட்டுக்குப் போக முடியாது. புரியுதா? ஊருக்குள்ள எனக்கு ஒரு நெருப்பு மிஞ்சாது. உன் குஞ்சுக்காக நான் அதை இழக்கமாட்டேன். போ."

"முன்பணம் வாங்கியிருக்கே!"

"வாங்கினேன். மாட்டை வித்துத் தர்றேன். போ!"

பிறகு கயிற்றுச் சுருளை எடுத்து, முடிச்சவிழ்க்காமல், விளிம்புக்கு அப்பால் வீசினான். அது போய் விழும் சத்தம் வெகு நேரம் கழித்துக் கேட்டது. வால்மிர் அவர்கள் இருவரின் தாயையும் இழுத்துத் திட்டியபடி இறங்கினான். வெள்ளை வண்டி கிளம்பும் சத்தம் வந்ததும் குஞ்சு மறுபடி கத்தத் தொடங்கியது.

ஒசோரியோ மூச்சு வாங்கினான். "போயிட்டான், கொமாத்ரே. எழுந்திருங்க."

மரினால்வா எழுந்திருக்கவில்லை.

அவனைப் பார்க்கவும் இல்லை. கையைத் தடவிக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் கொஞ்ச நேரம் நின்றான். வருத்தம் தெரிவித்தான், காரணம் சொன்னான், மறுபடி வருத்தம் தெரிவித்தான். ஒரு சொல் வரவில்லை. அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. ஐம்பது வருடத்தில் அந்த வாய் இவ்வளவு நேரம் மூடி அவன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு குஞ்சு பறக்கும் வரை அவள் தினமும் அங்கே போனாள். இன்னொருவன் வேறு கயிற்றோடு வரமாட்டான் என்று யார் சொல்வது? பொந்து எது என்பது இப்போது பட்டணத்தில் தெரியும், தெரிய வைத்தது அவள் வாய்தான். இரவில் ஜெசுவினோ போர்வையோடு போய்ப் படுப்பான். பகலில் சாப்பாடு கொண்டுவந்தது ஒசோரியோ. காயம்பட்ட கொமாத்ரேக்குச் சோறு கொண்டுபோவது அவன்மேல் விழுந்த கடமை. மனைவி இல்லாத வீடு, தானே சமைத்தான். சோள மாவை நனைத்துப் புட்டு மாதிரி அவித்த குஸ்குஸ், உலர்ந்த ஆட்டுக்கறி, சுட வைத்த காபி. அவள் வாங்கித் தின்பாள். முகம் சுளிப்பாள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பாள். பேசமாட்டாள்.

"உப்புப் போதலையா?"

மௌனம்.

"கறி வேகலையா, கொமாத்ரே? சொன்னாத்தானே தெரியும்?"

மௌனம்.

ஒரு வாரம் ஆனதும் அவன் கெஞ்சத் தொடங்கினான். "ஒரு வார்த்தை திட்டுங்க. குஞ்சுத் திருடன்னு சொல்லுங்க. எதையாவது சொல்லுங்க. ராத்திரி தூக்கம் வரல." ஊரிலும் இது பேச்சாகிவிட்டது. காலையில் அராராக்கள் கத்திவிட்டுப் போகும், பிறகு ஒன்றும் கேட்காது. "கல்லறைத் திருநாள் மாதிரி இருக்கு" என்றார்கள். ஒசோரியோவைப் பார்த்தால், "என்ன செஞ்சு தொலைச்சீங்க அவங்களை?" என்று கேட்டார்கள். இரண்டு பசுக்களை விற்று வால்மிரின் பணத்தை ஆள் மூலம் திருப்பி அனுப்பினான். அதை வந்து அவளிடம் சொன்னான். அதற்கும் அவள் திரும்பவில்லை.

ஜூலை மாதம் இரண்டாம் வாரம், ஒரு காலை. குஞ்சு பொந்து வாயில் வந்து நின்றது. வால் குட்டை, மஞ்சள் திட்டு வெளிறியது, மற்றபடி முழு அராரா. தாயும் தகப்பனும் எதிர்ப் பாறையில் உட்கார்ந்து காது கிழியக் கத்தின. குஞ்சு விளிம்பைக் கடித்தது, பின்வாங்கியது, திரும்ப வந்தது, அலகால் பாறையைப் பற்றித் தொங்கியது, பிடி நழுவியது. கல்போல விழுந்தது. மரினால்வாவின் கை தன்னால் நீண்டது. பாதி உயரத்தில் இறக்கைகள் விரிந்து காற்றைப் பிடித்தன. தடுமாறி, சாய்ந்து, எதிர்ப் பாறையின் முட்செடியில் போய் மோதி நின்றது. தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதன் கழுத்து இறகைக் கோதியது. பிறகு மூன்றும் தெற்கே பறந்தன, முன்பு லிக்குரித் தோப்பு இருந்த பக்கமாக.

மரினால்வா அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கறுத்த மொட்டைத் தண்டுகள், நடுவே ஒசோரியோவின் மாடுகள் தலை குனிந்து மேய்வது தெரிந்தது. மூன்று கிளிகளும் ஒரு வட்டம் போட்டன, இறங்க இடமில்லை, மேலும் தெற்கே போயின.

ஒசோரியோ காபியோடு மூச்சிரைக்க ஏறி வந்தான். "பறந்துடுச்சா?"

அவள் தண்டைப் பிடித்து எழுந்தாள். முட்டி மடங்கவில்லை, உதறினாள். காபியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். கோப்பையை அவன் கையில் திணித்தாள்.

"உங்க மாட்டை எப்பக் கட்டப் போறீங்க?"

அவன் விழித்தான். "என்னது?"

"மாட்டை! மாட்டை! அங்க பாருங்க, முளைக்கிற ஒவ்வொரு கன்னையும் மென்னு துப்பிக்கிட்டிருக்கு! தானா முளைக்கும்னு சிரிச்சீங்களே, தானா முளைக்கட்டும், உங்க மாடு விட்டாத்தானே! வறட்சியில வெட்டினீங்க, நான் வாயைத் திறந்தேனா? மாடு சாகுதுன்னு வாயை மூடினேன். மழைக்கப்புறம் எதுக்குத் தீ வெச்சீங்க? எந்த மாடு செத்துச்சு? அந்தக் குஞ்சு இப்ப எங்க போய்த் தின்னும், உங்க வீட்டு அடுப்படியிலயா?"

"கொமாத்ரே, மாட்டுக்கு வேற மேய்ச்சல்..."

"முள்ளுக்கள்ளியை முள் போகச் சுட்டுப் போடுங்க! எங்கப்பா போட்டாரு! உங்கப்பா போட்டாரு! வேலி போடுங்க! கம்பி இல்லன்னா முள்ளை வெட்டிப் போடுங்க! அந்தக் குஸ்குஸ்ல உப்பே இல்ல, ஒரு நாள்கூட! பொண்டாட்டி செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு, இன்னும் ஒரு புட்டு அவிக்கத் தெரியல!"

அவன் தொப்பியை மார்போடு வைத்துக்கொண்டு கேட்டான். ஆட்டுப் பாதையில் அவள் முன்னால், அவன் பின்னால். அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, திரும்பி, விரல் நீட்டித் திட்டிவிட்டு நடந்தாள். சத்தம் ஊருக்குக் கேட்டு, மாவுக் கொட்டகையில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். அன்று அவள் மாலை வரை நிறுத்தவில்லை.

ஒசோரியோ ஆகஸ்டில் முள்வேலி போடத் தொடங்கினான். தோப்பில் பாதிக்கு மட்டும் போட்டான். அந்தப் பாதியில் லிக்குரிக் கன்றுகள் இப்போது முழங்கால் உயரம். காய்க்க இன்னும் பல வருடம் ஆகும், அதுவரை அராராக்கள் சோளக் கொல்லைக்குத்தான் வரும், வருகின்றன. மற்றப் பாதியில் மாடுகள் மேய்கின்றன. அந்தப் பாதிக்காக மரினால்வா ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலில், பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரமாகப் பார்த்து, "கொம்பாத்ரே, நீங்க வெக்கங்கெட்டவங்க" என்று மரியாதை குறையாமல் தொடங்குகிறாள்.